துண்டுக்கு அடியில் ஓர் எண்ணெய்க் கை

அவர் அழுகையைக் கேட்டுக்கொண்டே சாப்பிடுவார். அவரை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அதுதான். எதிரே ஒரு பெண் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தன் வீட்டுச் சங்கதியைச் சொல்லிக்கொண்டிருப்பாள். இவர் பழம்பொரியை, எண்ணெய் சொட்டும் அந்த நேந்திரம்பழ பஜ்ஜியை, பிய்த்துப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டிருப்பார். கதை சூடு பிடித்தால் மெல்லும் வேகமும் கூடும். அவள் நடுவில் நிறுத்தினால் விரல் நுனியைச் சப்பிவிட்டு, "அப்பறம்?" என்பார். பந்தியில் உட்கார்ந்தவர் பாயசம் இன்னொரு கரண்டி கேட்கிற மாதிரி இருக்கும் அந்த "அப்பறம்?".

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில், ஒரு சுக்கு குடோனுக்கு மேல்மாடியில் அவருடைய கிளினிக் இருந்தது. மனநோய் டாக்டர். எழுபதுகளின் நடுவில் நான் அங்கே வேலைக்குச் சேர்ந்தேன். டோக்கன் கொடுப்பது, வந்தவர்களை வரிசையாக உட்காரவைப்பது, கேஸ் தாள்களை அடுக்கிவைப்பது என் வேலை. அந்தத் தாள்களில் ஒன்றுகூடச் சுத்தமாக இருக்காது. எல்லாவற்றிலும் எண்ணெய் விரல். முகப்பவுடரைத் தூவி, கொஞ்ச நேரம் வைத்து, தட்டிவிட்டு அடுக்குவேன். பவுடர் எண்ணெயை எடுத்துவிடும், தடத்தை எடுக்காது. அந்த அறையில் இருந்த நாள்வரை நான் மத்தியானச் சோற்றைக் கீழே குடோன் வாசலில் வைத்துத்தான் சாப்பிட்டேன்.

அவர் பெயரைச் சொல்லப் போவதில்லை. பயம் ஒன்றுமில்லை. பெயரைச் சொல்லாமல் ஆளைக் காட்டிக்கொடுக்கும் வித்தையை நான் அவரிடம்தான் படித்தேன். படித்ததை அவர்மேலேயே போட்டுப் பார்க்கிறேன்.

"பேர் மட்டும் நான் சொல்ல மாட்டேன். அது எங்க தொழில் தர்மமாக்கும்" என்பது அவருடைய பெருமை. சாயங்காலம் கடைசி டோக்கன் போனபிறகு நாலு நண்பர்கள் படியேறி வருவார்கள். ஓர் அரிசி மொத்த வியாபாரி, ஒரு எண்ணெய் மில்காரர், ஒரு வக்கீல், ஒரு லாட்ஜ் முதலாளி. சாயா வரும். பிறகு இவருடைய கச்சேரி ஆரம்பிக்கும். பெயர் சொல்ல மாட்டார், அது உண்மை. ஆனால் நொண்டிக்கொண்டு நடந்து காட்டுவார். ஒரு தோளைத் தூக்கிக்கொண்டு பேசுவார். வாக்கியத்துக்கு வாக்கியம் மூக்கை உறிஞ்சுவார். அந்த நாலு பேரும் பஜாரில் பிறந்து வளர்ந்தவர்கள். யார் நொண்டுவார், யார் உறிஞ்சுவார் என்று அவர்களுக்கா தெரியாது? "மனசிலாயி, மனசிலாயி!" என்று, ஆள் புரிந்துவிட்ட குஷியில், தொடையைத் தட்டுவார்கள். சிரித்துச் சிரித்து சாயா சிந்தும். அதையும் நான்தான் துடைக்க வேண்டும்.

அவர் என்னைப் போலப் பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பம். மெட்ராஸில் படித்தவர். வெள்ளை வேட்டி, இஸ்திரி போட்ட அரைக்கைச் சட்டை, மோவாய்க்குக் கீழே ஒரு மடிப்புச் சதை. பேச்சு அப்படியே வெல்லப்பாகு. எந்த நோயாளி வந்தாலும் முதலில் கையைப் பிடித்துக்கொள்வார். "என்கிட்ட எதையும் சொல்லலாம். கெணத்துல போட்ட கல்லாக்கும்" என்பார். மனுஷர்கள் எவ்வளவு தாகத்தோடு இருக்கிறார்கள் என்று அப்போது பார்க்க வேண்டும். அந்த ஒரு வரிக்காக வருஷக்கணக்காகக் காத்திருந்தவர்கள்போலக் கொட்டிவிடுவார்கள். கிணறு என்னவோ கிணறுதான். சாயங்காலமானால் ஊரார் வாளியோடு வந்துவிடுவார்கள் என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை.

பள்ளிக்கூட டீச்சர் ஒருத்தி வந்தாள். கை கழுவிக் கழுவித் தோல் உரிந்துபோன பெண். வைப்பின் தீவிலிருந்து போட்டில் வருவாள். யார் கண்ணிலும் படக் கூடாதென்று குடையை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு படியேறுவாள். மருந்து கொடுத்தார், குணமும் தெரிந்தது. அதற்குள் சாயங்காலக் கச்சேரியில் அவள் கை கழுவுகிற விதம் மூன்று தரம் நடித்துக் காட்டப்பட்டாயிற்று. நண்பர்கள் வீட்டில் சொல்ல, வீட்டிலிருந்து தெருவுக்குப் போக, படகுத்துறையில் அவள் இறங்கும்போது பின்னாலிருந்து "சோப்பு டீச்சரே!" என்று ஒரு குரல் வந்தது. அதோடு நின்றுவிட்டாள். அவளுடைய டோக்கன் நேரம் காலியாகப் போனதைப் பார்த்து அவர் என்னிடம் சொன்னது இது: "பாத்தியா சரசா, வரல்லை. சுகமாயிட்டா."

உண்மையிலேயே அப்படி நம்பினார். அதுதான் அவரிடம் என்னை அதிகம் அருவருக்கவைத்த விஷயம். திருடனுக்காவது தான் திருடுகிறோம் என்று தெரியும்.

ஒன்றைச் சொல்லாவிட்டால் நான் பொய் சொன்னவளாவேன். அவர் கைராசிக்காரர். சாப்பாட்டை வெறுத்துக் கூடாகிப்போன சுமட்டுக்காரர் ஒருவர் அவரிடம் வந்து பிழைத்து, மறுபடியும் மூட்டை தூக்கினார். பிள்ளை பெற்றபின் பிள்ளையைத் தொடமாட்டேன் என்றிருந்த பெண், அதே பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து அவர் காலைத் தொட்டாள். இல்லாதவர்களிடம் பீஸ் வாங்க மாட்டார். கெட்டிக்காரர். கெட்டிக்காரத்தனமும் அந்த எண்ணெய் விரலும் ஒரே ஆளிடம் இருந்தன. வேர்க்கடலையை உரித்துப் பருப்பைத் தின்று தோலை ஊதிவிடுகிற மாதிரி அவருக்கு மனுஷர்கள். உள்ளே இருக்கும் கதை கைக்கு வந்துவிட்டால் ஆள் எந்தப் பக்கம் பறந்தாலும் கவலையில்லை.

இனி சுக்குத் தரகர் வந்த கதை. எழுபதுகளின் கடைசியில் அது.

அவரை பஜாரில் எல்லாரும் அண்ணாச்சி என்பார்கள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பாட்டன் காலத்தில் வந்த குடும்பம். விற்பவனுக்கும் வாங்குபவனுக்கும் நடுவே நின்று சுக்குக்கு விலை பேசி முடிப்பது தொழில். எங்கள் பஜாரில் அப்போது விலையை வாயால் பேச மாட்டார்கள். இருவர் கைமேலும் ஒரு துண்டைப் போட்டு, துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து அழுத்திப் பேசுவார்கள். சுற்றி இருபது பேர் நின்றாலும் பிடித்த இரண்டு பேருக்குத்தான் தெரியும். துண்டுக்கு அடியில் பேசியதை மூன்றாம் ஆளிடம் சொல்லக் கூடாது. அதற்குக் கையெழுத்தும் கிடையாது, சாட்சியும் கிடையாது. பேரம் முடிந்தால் துண்டு தோளுக்குப் போகும். முடியாவிட்டால் மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொள்வார்கள். எவனாவது துண்டுப் பேச்சை வெளியே விட்டால் மட்டும், நாலு பேர் பார்க்க அவன் முகத்துக்கு நேரே துண்டை உதறி அவன் காலடியில் போட்டுவிட்டுப் போவார்கள். துண்டு உதறப்பட்டவனுக்கு அதற்குப் பிறகு பஜாரில் ஒருவரும் கை கொடுக்க மாட்டார்கள். நான் இதைக் கீழே குடோன் வாசலில் சுமட்டுக்காரர்கள் தாழ்ந்த குரலில் பேசக் கேள்விப்பட்டிருந்தேன். பார்த்தது ஒரே ஒரு தடவை.

அண்ணாச்சியின் தம்பி இறந்துபோனார். அந்தக் கருமாதியிலிருந்து அண்ணாச்சிக்குப் பேச்சு நின்றுவிட்டது. தொண்டையில் கோளாறு இல்லை, நாக்கில் கோளாறு இல்லை, எர்ணாகுளத்தில் எல்லாம் பார்த்தாயிற்று. வாய் திறக்க மாட்டார். ஆனால் தினமும் பஜாருக்குப் போவார். துண்டைப் போட்டு, விரலால் பேரம் பேசி முடிப்பார். வாய் செத்து, கை மட்டும் உயிரோடு இருந்தது. அவருடைய மனைவிதான் கூட்டிக்கொண்டு வந்தாள். வாட்டசாட்டமான பெண், மூக்கில் பெரிய பேசரி. என்னைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவாள்.

"தங்கச்சி, இவுக எங்கிட்ட ஒரு வார்த்தை பேசி வருசமாவுது. மவளுக்கு ஆலப்புழையில மாப்பிள்ளை பேசிட்டிருக்கோம். சம்பந்தி வந்து உக்காந்தா இவுக வாயைத் தொறக்கணும்லா? இல்லேன்னா பைத்தியக்காரன் மவளுன்னு விட்டுட்டுப் போயிருவாவ" என்றாள்.

டாக்டர் என்னென்னவோ கேட்டார். அண்ணாச்சி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாவது தடவையோ மூன்றாவது தடவையோ வந்தபோது டாக்டருக்கு ஒரு யோசனை தோன்றியது. மேஜையை விட்டு எழுந்துவந்து அவருக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டார். அண்ணாச்சியின் தோளிலிருந்த துண்டை எடுத்து அவர் கைமேல் போட்டு, துண்டுக்கு அடியில் தன் கையை நீட்டினார். அரைக்கதவு வழியாக நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணாச்சியின் முகம் திரும்பியது. துண்டு அசைந்தது. விரல் பேசுகிறது என்று தெரிந்தது. டாக்டருக்கு அந்தப் பாஷை தெரியாது, ஆனால் பதிலுக்கு அழுத்திக்கொண்டிருந்தார். அன்றைக்கு மட்டும் மேஜைமேல் பழம்பொரி ஆறிக் கிடந்தது.

அண்ணாச்சியின் மனைவி குறுக்கே பேசினாள். "டாக்டரே, துண்டு போட்டாச்சு. இனி மூணாம் ஆளு காதுக்குப் போவக் கூடாது. அதுதான் இங்கத்தச் சட்டம்."

"எனக்கறியாதா? கெணத்துல போட்ட கல்லாக்கும்" என்றார் டாக்டர்.

அவளை வெளியே அனுப்பினார். அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்துக்கெல்லாம் உள்ளேயிருந்து ஓர் ஆண் குரல் கேட்டது. கரகரத்த, பழக்கமில்லாத குரல். அவள் என் முழங்கையைப் பிடித்தாள். "அவுகதான்" என்றாள். முந்தானையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கும் கண் நிறைந்துவிட்டது. அந்த ஒரு பகலில் நான் அந்த டாக்டரைக் கும்பிட்டேன் என்றே சொல்வேன்.

அண்ணாச்சி துண்டை நம்பினார். டாக்டரை நம்பினாரா என்று எனக்குத் தெரியாது. துண்டுக்கு அடியில் கையை நீட்டியவன் துண்டின் சட்டத்துக்கு உட்பட்டவன் என்பது ஒரு தரகருக்கு மூச்சு விடுவது மாதிரி. வக்கீலோ வாத்தியாரோ அவர் இடத்தில் இருந்திருந்தால் கொஞ்சம் யோசித்திருப்பார்கள். தரகர் யோசிக்கவில்லை.

அன்று சாயங்காலமே கச்சேரி. நான் ஜன்னல்களைச் சாத்திக்கொண்டிருந்தேன். அந்த நாலு பேரோடு, லாட்ஜ் முதலாளியிடம் தங்கியிருந்த ஒரு படக்காரரும் வந்திருந்தார், மெட்ராஸில் மலையாளப் படம் எடுப்பவர். வெறும் வாயை மெல்லுகிறவருக்கு அவல் கிடைத்தால் விடுவாரா? டாக்டர் துண்டைக் கைமேல் போட்டுக்கொண்டார், அண்ணாச்சியின் கரகரக் குரலை வரவழைத்துக்கொண்டார், சொன்னதெல்லாவற்றையும் சொன்னார். ஒரு வருஷமாக வாய்க்குள் பூட்டிவைத்திருந்ததை ஒரு சாயாவுக்குள் முடித்துவிட்டார். படக்காரர், "அப்பறம்? அப்பறம்?" என்று முன்னால் நகர்ந்து நகர்ந்து நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார்.

அண்ணாச்சி என்ன சொன்னார் என்பது இப்படித்தான் எனக்கும் தெரிந்தது. அதை நான் எழுத மாட்டேன். தம்பியின் சாவைப் பற்றியது. யாரும் யாரையும் கொல்லவில்லை. ஒரு வீட்டுக்குள் நடந்த வெட்கமும் வேதனையும், அவ்வளவுதான். மீதி துண்டுக்கு அடியில் கிடக்கட்டும்.

படம் வந்தது. எண்பதுகளின் தொடக்கம் அது. அதற்கு முன்பே டாக்டர் மாறிவிட்டிருந்தார். கண்ணாடிக்குத் தங்கநிற பிரேம். தலைமுடிக்கு மை. படப்பிடிப்பு பார்க்க மெட்ராஸ் போய்வந்து, கதாநாயகன் எப்படி டாக்டராக உட்கார வேண்டும் என்று தான்தான் காட்டிக்கொடுத்ததாக, மூச்சுத் திணறுகிற நோயாளி முன்னால்கூடச் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கும் அந்த நாலு நண்பர்களுக்கும் டிக்கெட் வாங்கிக் கொடுத்தார். தியேட்டரில் பால்கனி முன்வரிசையில் உட்கார்ந்து, திரையைப் பார்க்காமல், பார்க்கிறவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

படத்தில் ஒரு மனநோய் டாக்டர் வருகிறார். அழகர், கருணைக்கடல், மனைவியை இழந்தவர். அவரிடம் வாய் பேசாத ஒரு தரகர் வருகிறார். துண்டு போட்டுப் பேசவைக்கிறார். பேச்சு வந்ததும் அந்தத் தரகர் ஒப்புக்கொள்கிறார்: சொந்தத் தம்பியை நான்தான் கொன்றேன். டாக்டர் அவரைக் கட்டிக்கொண்டு அழுகிறார், பின்னணியில் ஒரு பாட்டு. தியேட்டரே மூக்கைச் சிந்தியது. எழுந்து வெளியே வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பெயர் சொல்லவில்லை, ஊர் சொல்லவில்லை. ஆனால் சுக்கு, துண்டு, ஊமைத் தரகர், செத்த தம்பி. மட்டாஞ்சேரியில் குழந்தைக்குக்கூடத் தெரியும் அது யார் என்று. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூடலாமா? அண்ணாச்சி படகுத்துறைக்குப் போனால் பேச்சு நின்றது. குடோனுக்குள் நுழைந்தால் வியாபாரிகள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்கள். தம்பி எப்படிச் செத்தான் என்று அதுவரை கேட்காதவர்கள் எல்லாம் கேட்டார்கள். இல்லை, நான் கொல்லவில்லை என்று சொல்லலாம். சொன்னால், பின்னே என்னதான் நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும். அதைச் சொல்ல முடியாமல்தானே அவர் வாயே ஒரு வருஷம் அடைத்துக் கிடந்தது? மறுபடியும் அடைத்துக்கொண்டது. ஆலப்புழைச் சம்பந்திகள், இப்போது வேண்டாம், பார்க்கலாம் என்று ஆள் அனுப்பிவிட்டார்கள்.

அண்ணாச்சியின் மனைவி ஒரு காலை நேரத்தில் தனியாக வந்தாள். டோக்கன் கேட்கவில்லை. நேரே உள்ளே போனாள். நானும் பின்னாலேயே போய் அரைக்கதவருகில் நின்றேன்.

"டாக்டரே, பணமோ மருந்தோ கேட்டு வரல்ல. ஆலப்புழைக்காரங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க. கொலை இல்ல, அது படத்துக்காகச் சேத்ததுன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும். என் மவ கல்யாணம் நடந்துரும். இவுக மறுபடி பேசுவாவ."

அவர் பழம்பொரியைத் தட்டில் வைத்தார். மெதுவாகக் கையைத் துடைத்துக்கொண்டார். முகத்தை எவ்வளவு சோகமாக வைத்துக்கொள்ள முடியுமோ அவ்வளவு சோகமாக வைத்துக்கொண்டார்.

"அம்மா, உங்க வேதனை எனக்கு மனசிலாறது. ஆனா நோயாளியோட ரகசியமாக்கும் அது. டாக்டரானவன் வெளியில பேசப்படாது. அது எங்க தொழில் தர்மம். என்னை நிர்ப்பந்திக்காதேங்கோ."

"அப்போ படத்துல பேசுனது யாரு டாக்டரே?"

"படத்துல யார் பேரும் இல்லையே?"

படிப்பது ராமாயணம், இடிப்பது பெருமாள் கோயில் என்று நாம் சும்மா சொல்லிவிட்டுப் போகிறோம். இடிக்கிற சத்தத்தை நான் அன்று காதால் கேட்டேன். வாழ்நாளெல்லாம் வீதியில் இறைத்த ரகசியத்தை, ஒரு பெண்ணின் வாழ்வுக்கு ஒரு வார்த்தை தேவைப்பட்டபோது பெட்டியில் வைத்துப் பூட்டிக்கொண்டார். அவள் வெளியே வந்து என்னைப் பார்த்தாள். அழவில்லை. "வாறேன் தங்கச்சி" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். உள்ளேயிருந்து, "சரசா, அடுத்த டோக்கன்" என்றார் அவர், வாய் நிறைய.

அந்த வாரமே அண்ணாச்சி வந்தார். கிளினிக் நிரம்பி வழிந்த காலை. படம் வந்தபின் டாக்டருக்கு அப்படியொரு கூட்டம். பஜார் ஆட்களும் இருந்தார்கள், வெளியூர்க்காரர்களும் இருந்தார்கள். டாக்டர் தன் அறை வாசலில் நின்று யாரிடமோ கதாநாயகன் புராணம் சொல்லிக்கொண்டிருந்தார். அண்ணாச்சி வெள்ளைச் சட்டையும் தோளில் துண்டுமாகப் படியேறி வந்து அவர் எதிரே நின்று வலது கையை நீட்டினார். அதன்மேல் தன் துண்டைப் போட்டார்.

"வாங்கோ! வாங்கோ!" டாக்டரின் முகம் பூரித்துப்போயிற்று. எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டு துண்டுக்கு அடியில் கையை விட்டார்.

துண்டு அசையவே இல்லை. அண்ணாச்சி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கையை எடுத்தார். துண்டை இரண்டு கையாலும் பிடித்து, டாக்டரின் முகத்துக்கு நேரே படீரென்று உதறினார். அவருடைய காலடியில் போட்டார். திரும்பிப் படியிறங்கிப் போய்விட்டார்.

பெஞ்சில் இருந்த அந்தப் பழைய சுமட்டுக்காரர், டாக்டர் பிழைக்கவைத்தாரே அவர், எழுந்து டோக்கனை என் மேஜையில் வைத்துவிட்டு இறங்கினார். அவருக்குப் பின்னால் இன்னும் சிலர் போனார்கள். வெளியூர்க்காரர்கள் ஒன்றும் புரியாமல் உட்கார்ந்திருந்தார்கள். டாக்டருக்கும் புரியவில்லை. துண்டு போடுவது மட்டும்தான் அவருக்குத் தெரியும். நண்பர்கள் வேடிக்கையாகச் சொன்னது அவ்வளவுதான். உதறுவதை பஜார்க்காரன் வேடிக்கைக்குக்கூட வாயால் சொல்ல மாட்டான்.

"நன்னி சொல்ல வந்திருக்கார், கேட்டேளா" என்றார் மிச்சமிருந்தவர்களிடம். "பேச்சு வராதவாளுக்கு இதாக்கும் பாஷை." குனிந்து அந்தத் துண்டை எடுத்தார். எடுத்து, விரலில் ஒட்டியிருந்த எண்ணெயைத் துடைத்துக்கொண்டார். ஞாபகார்த்தமாக மேஜையில் மடித்து வைத்தார்.

சாயங்காலம் நண்பர்கள் வந்தார்கள். காலையில் நடந்தது அவர்கள் காதுக்கு இன்னும் போயிருக்கவில்லை. துண்டு உதறிய சேதியை வாயால் சொல்லுவார் யாரும் இல்லை. பார்த்தவர்கள் வாயை மூடிக்கொண்டு போயிருந்தார்கள். டாக்டரே சொன்னார். எப்படிச் சொல்லாமல் இருப்பார்? அதே துண்டைக் கையில் எடுத்துக்கொண்டார். அண்ணாச்சி நடந்துவந்த நடை, நின்ற நிலை, நீட்டிய கை, எல்லாம் அச்சு அசல். கடைசியில் துண்டை இரண்டு கையாலும் பிடித்துப் படீரென்று உதறிக் காட்டினார்.

அரிசி வியாபாரியின் கையிலிருந்த சாயா கிளாஸ் வாய்க்குப் போகாமல் நின்றது. "டாக்டரே, உதறியோ? உங்க நேருக்கு நேரா?"

"ஆமா, என் முகத்துக்கு நேரா! அப்படியே என் கால்ல போட்டார்! பாத பூஜை மாதிரி!"

சொல்லிவிட்டு வழக்கம்போல அந்த "அப்பறம்?" வருமென்று பார்த்துக்கொண்டிருந்தார். வரவில்லை. அரிசி வியாபாரி கிளாஸைக் கீழே வைத்தார். எண்ணெய் மில்காரர் செருப்பைத் தேடினார். கிளம்பும்போது கை குலுக்குவது அவர்கள் வழக்கம். டாக்டர் கையை நீட்டினார். வக்கீல் குடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "சரி, பின்னே பாக்கலாம்" என்று நகர்ந்தார். லாட்ஜ் முதலாளி அதற்குள் படியிறங்கிவிட்டார். இவர்கள் யோக்கியர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. வருஷக்கணக்காகக் கேட்டு ருசித்த வாய்கள்தான். துண்டு உதறப்பட்டவனோடு கை குலுக்கினால் நாளைக்குப் பஜாரில் தன் கையை எவன் பிடிப்பான் என்ற கவலை. அந்த யோக்கியதையும் குமட்டத்தான் செய்தது.

நீட்டிய கையோடு அவர் நின்றார். நாலு சாயா ஆறிக்கொண்டிருந்தது. "என்னடி சரசா ஆச்சு இவாளுக்கெல்லாம்?" என்று கேட்டார். முதல் தடவையாக அந்த முகத்தில் ஒரு நோயாளியின் முகம் தெரிந்தது.

"எனக்கறியாது டாக்டர்" என்றேன். சாவியை மேஜைமேல் வைத்தேன். மறுநாள் முதல் நான் வேலைக்குப் போகவில்லை.

மட்டாஞ்சேரியில் எல்லாருக்கும் தெரிந்து அவர் ஒருவருக்கு மட்டும் தெரியாத சங்கதி அது ஒன்றுதான். ஒருவரும் அவரிடம் சொல்லவில்லை. கொஞ்ச நாள் பார்த்துவிட்டுக் கிளினிக்கைத் தூக்கிக்கொண்டு எர்ணாகுளம் போனார். அங்கே துண்டைப் பற்றி யாருக்கு என்ன தெரியும்? ஓகோவென்று நடந்தது. அண்ணாச்சி குடும்பத்தோடு தென்காசிப் பக்கம் போய்விட்டார். மகளை அங்கேயே யாருக்கோ கொடுத்தார்களாம். கல்யாணத்தில் தாலி எடுத்துக் கொடுக்கும்போதும் அவர் வாய் திறக்கவில்லை என்று அவர் மனைவி ஒருமுறை எனக்குச் சொல்லியனுப்பினாள். துண்டும் போட மாட்டாராம்.

எண்பதுகளின் கடைசியில் ஆலுவா ஸ்டேஷனில் டாக்டரைப் பார்த்தேன். கோயம்புத்தூர் வண்டிக்காக நின்றுகொண்டிருந்தேன். அவர் பெஞ்சில் உட்கார்ந்து காகிதப் பொட்டலத்திலிருந்து பருப்புவடை தின்றுகொண்டிருந்தார். தலைமுடியின் மை வெளுத்து, மோவாய்ச் சதை இன்னும் தொங்கியிருந்தது. நான் ஒதுங்குவதற்குள், "சரசா!" என்று எழுந்துவந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். அதே பிசுபிசுப்பு. பக்கத்தில் உட்கார்ந்திருந்த யாரோ ஒரு பயணியிடம், "இவளும் அன்னைக்கு இருந்தா, கேட்டுப் பாருங்கோ" என்றார். அப்படியென்றால் நான் வருவதற்கு முன்பே துண்டுக் கதை அங்கே ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. தோளில் கிடந்த தன் துண்டை எடுத்து என் முன்னாலேயே உதறிக் காட்டினார். இத்தனை வருஷத்துக்குப் பிறகும் அச்சு அசல்.

பிறகு என்னைக் கொஞ்சம் தள்ளிக் கூட்டிக்கொண்டுபோய்க் குரலைத் தாழ்த்தினார். "அன்னைக்கு சாயங்காலம் அவா ஏண்டி எழுந்து போனா? உனக்கு அறிஞ்சிருக்கும். சொல்லு. கெணத்துல போட்ட கல்லாக்கும்."

கண்ணில் உண்மையான பசி இருந்தது. ஒரு வரி சொன்னால் போதும், இரவெல்லாம் அதை மென்றுகொண்டிருப்பார். வண்டி வந்துவிட்டது.

"அறியாது டாக்டர்" என்று கையை உருவிக்கொண்டு ஏறினேன்.

ஜன்னலோரம் உட்கார்ந்து முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். வெளியே பெஞ்சில் அவர் அந்தப் பயணியின் பக்கம் நெருங்கி உட்கார்ந்துகொண்டிருந்தார். வண்டி நகரும் வரை அவர் குரல் எனக்குக் கேட்டது.

"இப்ப போனாளே ஒருத்தி, பேர் சொல்ல மாட்டேன், அவ கதை அறியுமோ உங்களுக்கு?"

நான் அவரிடம் என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. அந்தப் பயணி அவருடைய பொட்டலத்திலிருந்து ஒரு வடையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, "அப்புறம்?" என்றார்.